ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பிரியமுள்ள சம்பந்தி,

ஜங்லிகாட்டில் எல்லோரும் நலம். உங்கள் மகள் கவிதா என்னைப் பட்டினி போடவில்லை, அவ்வளவுதான். தேங்காய்ச் சட்னி வாரம் ஒரு நாள். பொரித்த மீன் பக்கத்து வீட்டு வாசனையோடு சரி. மழை பெய்தாலும் வராந்தாவில் அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

நம் ஏற்பாடு நினைவிருக்கிறதா? இரண்டு பேருக்கும் ரத்தத்தில் கொழுப்பு, ஒரே மாத்திரை. தினமும் போடச் சொன்னார் டாக்டர். நாமோ ஞாயிற்றுக்கிழமை சௌல்தாரியில் உங்கள் வீட்டில் ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஆளுக்கொன்று போட்டுக்கொள்வோம். "கறி தின்னாத நாளுக்கு மாத்திரை எதுக்கு சம்பந்தி? கரைக்க உள்ள என்ன இருக்கு?" என்பீர்கள். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன்.

நெஞ்சு வலி வந்து நீங்கள் போனீர்கள். காரியம் முடிந்த மறுநாள் கவிதா கேட்டாள், "அப்பா மாத்திரை ஒழுங்கா போட்டாரா மாமா?"

"போட்டாரும்மா" என்றேன். அவள் மனசு ஆறட்டும் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அது இல்லை. என் குட்டும் உடைந்துவிடுமே என்ற பயம்.

போன வாரம் என் ரத்தப் பரிசோதனை வந்தது. கொழுப்பு ஏறியிருக்கிறது. "ரோஜ் லேதே ஹைன் நா?" தினமும் போடுகிறேனா என்று டாக்டர் கேட்க, கவிதா முந்திக்கொண்டு, "ஹாங் ஜி, ரோஜ்" என்றாள். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்துவிட்டார்.

"நஹி டாக்டர் சாப். ஞாயித்துக்கிழமை மட்டும்தான்" என்றேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அப்பாவும் அப்படித்தாம்மா."

கறி தின்றாலும் தின்னாவிட்டாலும் நம் கல்லீரலே கொழுப்பை உண்டாக்கும் என்று டாக்டர் விளக்கினார், சம்பந்தி. அதனால்தான் தினமும். தினமும் போட்டிருந்தால் நீங்கள் இன்னும் இருந்திருப்பீர்களா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கவிதா, "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்களே மாமா" என்று அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். விழுங்கினேன்.

"வாயைத் திறங்க, பார்க்கணும்."

திறந்து காட்டினேன். அன்றிலிருந்து தினமும் இதே பரிசோதனைதான்.

அவள் வந்து நிற்காத நாளிலும் போடுவேன், சம்பந்தி. ஒரு அப்பாவை அவள் பறிகொடுக்கும்படி செய்துவிட்டோம். இன்னொரு முறை அவளை அப்படி அழ விடமாட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி குடிக்கும்,
உங்கள் சம்பந்தி
ராமசாமி