வைஷு கேட்கும்போது சொல்ல வேண்டியது

நிக்டி, புனே
21.9.2025

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான், வைஷு, உங்கள் குழந்தை பானு மூவரும் சௌக்கியம், ம்யூனிக்கில் நீ எப்படி இருக்கிறாய் என்பதைப் போனில் சொல்வதுபோல் “ஓகே” என்று முடிக்காமல் நாலு வரி எழுது. இங்கிலீஷில் எழுதினால் ரயிலில் நின்றபடி மேலோட்டமாகப் பார்த்துவிடுவாய், தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும், இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

வைஷு பைதான் கோடிங் கற்கிறேன் என்றபோது நீ “பானு சின்னவ, இப்ப எதுக்கு இதெல்லாம், ரெண்டு வருஷம் போகட்டுமே” என்றாயாம். ஆறு வருஷம் வெப்சைட் வேலை செய்தவள், குழந்தைக்காக நாலு வருஷம் நிறுத்தினாள், பி.எச்.பி. என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியோடு வேலை தேடிப் போன இடத்தில் எல்லாம் பைதான் தெரியுமா என்றுதான் கேட்டார்கள், இன்னும் இரண்டு வருஷம் போனால் அதையும் கேட்க மாட்டார்கள். பானு பள்ளிக்குப் போனதும் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். வீடியோ பார்த்துத் தலையாட்டுவதைப் படிப்பு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை, இவள் செய்தே காட்டினாள், நம் காலனி கணபதிக்கு எந்தக் குடும்பம் எந்த நாள் சாயங்காலம் ஆரத்தி எடுப்பது என்று போனிலேயே பதிந்துகொள்ள ஒரு வெப் பக்கம். விழாவின் ஐந்தாம் நாள் மராத்தி மாமி குல்கர்ணி காகுவும் மேல்வீட்டு மாடசாமியின் மனைவியும் ஆளுக்கொரு ஆரத்தித் தட்டோடு வந்து நின்றார்கள். ஆரத்தி மரியாதை இன்று எங்களுக்குத்தான் என்று காகு மராத்தியில் சொல்லிவிட்டு நகரவே இல்லை, மாடசாமியின் மனைவி “எம் பேருதான போட்டிருக்கு, நீயே பாரும்மா” என்று வைஷுவிடம் போனை நீட்டினாள். கூட்டத்தில் யாரோ “இன்னிக்கு கணபதிக்கு டபுள் ஷிஃப்ட்” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், வைஷு சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து “போறும்மா, அவர் சொன்னதுதான் சரி” என்று லேப்டாப்பை மூடி வைத்தாள்.

மறுநாள் காலை அவளே திறந்தாள். இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தியிருக்கிறார்கள், நாள் காலியா என்று பார்ப்பதும் பெயரை எழுதுவதும் தனித்தனி வேலையாக இருந்ததால் இருவருக்கும் காலி என்று சொல்லிவிட்டது, இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள், பிரிக்க முடியாத ஒரே வேலையாக மாற்ற இன்னொரு நாள். பிறகு நானும் கீழ்வீட்டு சபரியும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து அழுத்திப் பார்த்தோம், பத்து தடவை போதும் என்றாள், நான் நாற்பது தடவை அழுத்தினேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஹிஞ்சேவாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனபோது அந்தத் தவறை மறைக்காமல் அவளே சொன்னாளாம், அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்களாம். வியாழக்கிழமை வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. வரும் வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். பானுவை அழைத்து வருவதும் சாப்பாடு போடுவதும் என் பொறுப்பு, என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அது உன்னைவிட ஒழுங்காக இருக்கிறது.

அவள் “அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேம்மா” என்கிறாள். கேட்கும்போது நீ “உன் இஷ்டம்” என்று மட்டும் சொல்லாதே. உனக்கு மூன்று வயதில், கான்வென்ட்டில் படித்தவள் என்று இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை ஆசிரியையாகக் கூப்பிட்டார்கள், உன் அப்பாவிடம் கேட்டேன், “உன் இஷ்டம்” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார், நான் வரவில்லை என்று எழுதிப் போட்டேன். அவர் தடுத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத்தான் விருப்பமில்லை என்று கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார். நீ “போய் வேலைல சேரு” என்று வாய் திறந்து சொல். நீ சொல்வாய், என் பிள்ளையை எனக்குத் தெரியும்.

நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் உனக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும். குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் போட்டோ எடுத்து நானே அனுப்புகிறேன், வைஷுவுக்குத் தெரியாது. நாளை அவளைக் கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்லாதே, அவளிடம் மட்டும் சொல். நான் கேட்கத் தேவையில்லை, சமையலறைக்குள் அவள் வரும்போது முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாலாம்பாள்