தகுதிகாண் ஆண்டின் கடைசி வாரம்

8 நவம்பர் 2004, திங்கள்

காலையிலிருந்து மழை. என் பஸூனுக்கு, அந்த நெடிய மரக்குழலுக்கு, ஆறு சீவாளி சீவியதில் இரண்டு தேறின. கட்டைவிரலில் வெட்டு, சின்னது.

அடுத்த செவ்வாய் வாக்கெடுப்பு. ஓராண்டுத் தகுதிகாண் காலம் முடிகிறது. என்னை முதல் பஸூனாக நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களே சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். பயமில்லை. புதுச்சேரியில் பிறந்து, பாரிஸ் புறநகரில் ஏழாவது மாடியில் ஊதிப் பழகியவள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அதற்கே நிறுத்தாதவள்.

சனிக்கிழமைக் கச்சேரியில் ஒரு பிரெஞ்சு இசை. நடுப்பகுதியை நான் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும். விருந்தாளியாக வந்திருக்கும் இசை நடத்துனர் ஒத்திகையைப் பாதியில் நிறுத்தினார்.

"சரியாக இருக்கிறது. சரியாக மட்டும் இருக்கிறது."

வீடு வரும்வரை அதே வாக்கியம்.

9 செவ்வாய்

அவர் சொன்னது உண்மை. நான் வாசிப்பது ஜெர்மன் பஸூன். இருபத்திரண்டு வயதில், ஜெர்மன் பேசும் இந்த ஊரில் வேலை வேண்டும் என்பதற்காகக் கற்றது. தடித்த, மரியாதையான குரல். சிறுமியாகக் கற்றது பிரெஞ்சு பஸூன். விரல் வைப்பே வேறு. கொஞ்சம் மூக்கால் பாடும், மனிதர் மாதிரி.

அதை அலமாரியிலிருந்து எடுத்துப் போனேன். இடைவேளை, காலி மேடை. வாசித்து நிமிர்ந்தால் நடத்துனர் காப்பிக் கோப்பையோடு நிற்கிறார்.

"சனிக்கிழமை இதுதான்."

அதற்குள் மேடைக்குத் திரும்பியிருந்த பக்கத்து நாற்காலி லோரன்ஸுக்கு முகம் சிவந்தது. இரண்டாம் பஸூன், இங்கே முப்பது வருடம். "அந்தக் கருவி இந்த மேடையில் ஏறியதே இல்லை. சுருதி சேராது."

நடத்துனர் ஞாயிறு விமானம் ஏறிவிடுவார். வாக்கு லோரன்ஸுடையது. அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர்.

10 புதன்

குளிர். பால், சவர்க்காரம், சைக்கிள் விளக்குக்குப் பாட்டரி.

கேன்டீனில் பரிமாறும் ஜெசிந்தா அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மன்னார்க்காரர். இந்தக் கட்டிடத்தில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள்.

"பிள்ளை, அந்த மீசைக்கார லோரன்ஸ் சாப்பாட்டு மேசையில சொன்னவர். 'பிரெஞ்சுக் குழலைத் தூக்கிக்கொண்டு பாரிசுக்கே போகட்டும்' எண்டு. நான் என்ர காதால கேட்டனான்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? சூப்பை ஊத்தினன். கொஞ்சம் கூடச் சூடாய்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "விளையாட்டில்லை. மற்றதையே ஊதுமன். வேலை முக்கியமெல்லோ?"

அம்மாவும் போனில் அதையேதான். "நிரந்தர வேலைடி. ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?" ஊதுகிறவளிடம்!

ஜெர்மன் பஸூனில் வாசித்தால்: சுருதி நிச்சயம், லோரன்ஸ் நிச்சயம். பிரெஞ்சில் வாசித்தால்: நான் நிச்சயம்.

பிரெஞ்சு.

11 வியாழன்

லோரன்ஸிடம் நேரே போனேன். "செவ்வாய்க்கிழமை எனக்கு எதிராகப் போடுங்கள். ஆனால் சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் சுருதி சேர்ந்தாக வேண்டும். ஒரு மணி நேரம் தருவீர்களா?"

"எந்த அறை?"

ஒன்றரை மணி நேரம் ஆனது. இருவர் சுரமும் சேரும் ஒவ்வொரு இடமாகப் பிடித்து, நிறுத்தி, மறுபடி. மூன்று சுரங்கள் உண்மையிலேயே ஏறி நின்றன, அவர் சொன்னது சரி. இரண்டுக்கு வேறு விரல் கண்டுபிடித்தேன். மூன்றாவதற்கு அவர் தன் சுரத்தை ஒரு மயிரிழை ஏற்றிக்கொண்டார். நன்றி சொன்னேன். அவர் பஸூனைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

வெளியே காகித விளக்கோடு பிள்ளைகள் ஊர்வலம். மார்ட்டின் திருநாள். மறந்தே போயிருந்தது.

13 சனி

வாசித்தேன்.

ஒன்பதாவது அடியில் ஒரு சுரம் லேசாக வழுக்கியது. விடவில்லை, அதையே இழுத்துப் பாடவைத்தேன். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கடைசிச் சுரத்துக்குக் கீழே லோரன்ஸ் வந்து நின்றார், அச்சாக.

கைதட்டலில் நடத்துனர் முதலில் என்னைத்தான் எழச் சொன்னார். சக கலைஞர்கள் காலணியைத் தரையில் தேய்த்தார்கள். இங்கே அதுதான் பாராட்டு. லோரன்ஸின் கால் அசைந்ததா? பார்க்கத் துணியவில்லை. இந்த வாரத்தில் துணியாதது இது ஒன்றுதான்.

16 செவ்வாய்

வாக்கெடுப்பு முடியும்வரை கேன்டீனில். அக்கா தேநீர் தந்தார், கரண்டியைக் கொடுக்க மறந்தார்.

கதவு திறந்து முதலில் வந்தது லோரன்ஸ்.

"நான் எதிர்த்துத்தான் போட்டேன்."

"சரி."

"போதவில்லை." கை நீட்டினார். "வாழ்த்துகள். வியாழக்கிழமை ஜெர்மன் இசை. ஜெர்மன் பஸூனைக் கொண்டுவாருங்கள்."

"கொண்டுவருகிறேன். பிரெஞ்சு இசை வரும்போது மற்றது."

யோசித்தார். "அறை நான் பதிவு செய்கிறேன்."

அக்கா மேசைக்குப் பின்னாலிருந்து: "என்ன பிள்ளை, ஓம் எண்டவையோ?"

"ஓம் அக்கா!"

அம்மாவுக்குப் போன். ஒரே அழுகை, மாதாவுக்கு நன்றி, அப்பாவைக் கூப்பிட்டு ஒரு சத்தம். பிறகு சட்டென்று குரல் இறங்கியது.

"அப்ப நீ இனிமே அங்கதானாடி?"

"ஆமாம்மா. இங்கதான்."

"நல்ல கனமா ஒரு கோட்டு வாங்கிக்கோ."