மகன் இறுக்கிய ஆணிகள்

ஜனவரி 11, வியாழன்

மழை விடவில்லை. அருந்ததி இன்றைக்கும் எங்கள் மகன் பிரசாந்தனின் கொம்பியூட்டரை எடுத்துத் துடைத்தாள். சமாதான காலத்தில் அவளுடைய தம்பி லண்டனிலிருந்து கொண்டுவந்த பழைய சாமான். ரீவியில் கொழுவிப் பாவிப்பது. கடைசிச் சண்டையில் முரசுமோட்டையை விட்டு ஓடும்போது பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டது பிரசாந்தன்தான். முகாமிலிருந்து திரும்பி வந்து கிண்டி எடுத்தது நாங்கள் இருவரும். அவன் வரவில்லை.

"அவன் வந்தா முதல்ல இதைத்தான் கேப்பான். திருத்தி வையுங்கோ."

பதினைந்து வருசமாக இதே கதை. மகனின் படத்துக்கு விளக்கு வைக்கவும் விடமாட்டாள். வைத்தால் செத்தவன் ஆகிவிடுவானாம். எனக்கு நம்பிக்கை போய்க் கனகாலம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 19

கரண்ட் கொடுக்கும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரும்பில் கறள், கறையான் மண். ஒரு கப்பாசிற்றர் ஊதி வெடித்திருந்தது. தண்ணீர் மெசின் திருத்திப் பழகிய கைக்கு இந்தச் சாமான்கள் மிகச் சின்னன்.

ஜனவரி 24

கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் அஜந்தன் புதுக் கப்பாசிற்றர் தந்தான். பிரசாந்தன் கரண்ட் இல்லாத காலத்தில் இதை உழவு மெசின் பற்றரியில் ஓட்டினவன், அதற்காகக் கொம்பியூட்டரிலிருந்து இரண்டு வயர் வெளியே இழுத்து வைத்திருக்கிறான் என்றேன். அப்படியென்றால் உள்ளே திறந்து பார்க்காமல் கரண்ட் கொடுக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னான்.

ஜனவரி 25

ஸ்குறூ றைவரை எடுத்ததும் அருந்ததி கையைப் பிடித்துவிட்டாள்.

"அது அவன் இறுக்கின ஆணி. அதில கை வைக்காதேங்கோ."

வைக்கவில்லை. வெளியே நிற்பது ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். இதிலே என்ன பிழை வரப் போகிறது?

பெப்ரவரி 2

கரண்ட் பெட்டி சரிவந்துவிட்டது. மீற்றரில் அளவு நேராக நின்றது. அருந்ததி சிரித்தாள் — எவ்வளவு காலத்துக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை கொம்பியூட்டருக்குக் கொடுப்போம் என்றாள்.

பெப்ரவரி 4, ஞாயிறு

எரிஞ்சு போச்சு.

பெட்டியின்ர சிவப்பைக் கொம்பியூட்டரின்ர சிவப்போட குடுத்தன். புகை வந்தது, மணம் வந்தது. ரீவியில ஒண்டும் வரேல்லை.

பெப்ரவரி 5

இன்றைக்கு ஸ்குறூ றைவரை அவளே கொண்டுவந்து தந்தாள். திறந்தோம். உள்ளே சிவப்பு வயரை, கறுப்பு நிற்க வேண்டிய நெகற்றிவ் பக்கம் ஈயத்தால் பற்ற வைத்திருக்கிறான். சாமான் வராத தடைக்காலத்தில் கையில் அகப்பட்டதுதான் வயர், நிறம் ஆர் பார்த்தது? நானே அப்படித்தான் கட்டினனான். என்னைப் பார்த்துத்தானே அவனும் பழகினவன். உது எப்பிடி எனக்கு மறந்தது?

"வந்து கேட்டா என்ன சொல்லுறது?" என்றாள்.



பெப்ரவரி 9

அருந்ததி இன்றைக்குக் கொம்பியூட்டரைத் துடைக்கவில்லை.

பெப்ரவரி 16, வெள்ளி

வயல் வெட்டி முடிந்தது. காலையில் அருந்ததி ஆணிகளைத் தானே திரும்ப இறுக்கி, கொம்பியூட்டரைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். பின்னேரம் முழுகிவிட்டு வந்தாள். சாமியறையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து வந்து பிரசாந்தனின் படத்துக்கு முன்னால் வைத்து, எண்ணெய் விட்டுத் திரி போட்டாள்.

நெருப்புப்பெட்டியைத் தேடினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.