முதல் நாளே வாங்கிய கேஸ் காவல்காரன்

கோகிம்போ,
ஜனவரி, ஞாயிறு மாலை

அன்பு மகள் ஹிமேனாவுக்கு,

இங்கே நான், அப்பா, உன் தங்கை பௌலினா மூவரும் சுகம், வீடும் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அந்தக் கோபன்ஹேகன் பனியில் உன் காது மூக்கெல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று எழுது. உன் போன கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எதிரே இருப்பவர் பேசுவதைக் கண்ணுக்கு முன்னால் எழுத்தாகக் காட்டும் மூக்குக்கண்ணாடி அடுத்த மாதம் கடைக்கு வருகிறதாம், முதல் நாளே விடியற்காலையில் போய் வரிசையில் நிற்கப் போகிறாயாம். இந்தப் புத்தி உனக்கு அப்பா வழியில் வரவில்லை. அந்த மனிதர் புது செருப்பையே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருஷம் போட்டு நடந்த பிறகுதான் வாங்குவார். இது என் ரத்தம். ஆகையால் இந்த வீட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு உன் இஷ்டம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடையில் ஒரு டப்பா வந்தது. கேஸ் சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவே மாட்டிவிட்டால் நிலம் நடுங்கினதும் அதுவே கேஸை மூடிவிடும். வந்த அன்றைக்கே வாங்கினேன், ஊரிலேயே முதல் ஆள் நான்தான் என்று கடைக்காரப் பையன் சொன்னான், அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொன்றும் வாங்கியிருப்பேன். அதைச் செய்தவர்கள் நிலமே நடுங்காத ஏதோ ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. நம் ஊரில் கரண்டி விழுகிற அளவுக்கு ஆடினால் நாம் பேச்சைக்கூட நிறுத்துவதில்லை, அதுவோ தெருவில் தண்ணீர் லாரி போனால் மூடியது, அப்பா தும்மினால் மூடியது. மூடினது மூடினதுதான், மொபைலில் திறக்கச் சொன்னால், வீட்டில் உள்ள எல்லோரும் பத்திரமாக வெளியே வந்துவிட்டீர்களா, திறந்தவெளியில் நிற்கிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டேன். இப்போதுதான் வெளியிட்டிருக்கிறோம், குறைகளை நீங்கள் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும் என்று ஒரு பெண் தேன் போலப் பேசினாள். அதாவது காசும் கொடுத்து, அவர்களிடம் சம்பளமில்லாத வேலைக்கும் நான் சேர்ந்திருக்கிறேன்.

ஆக, காலையில் ஒரு காப்பி போட வேண்டுமானால் நாங்கள் மூவரும் தெருவில் போய் வரிசையாக நின்று சிரிக்க வேண்டும். அப்பா பனியனோடு வரமாட்டேன் என்று சட்டைக்குப் பொத்தான் போடுவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும். எதிர்வீட்டு நோர்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா, இன்னைக்குக் காப்பி போட்டோ ஆச்சா, நேத்து மச்சான் கண்ணை மூடிட்டாரே என்று தினமும் விசாரிப்பாள். கழற்றித் தொலை மிரேயா என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். ஊருக்கெல்லாம் பெருமை அடித்த பிறகு எப்படிக் கழற்றுவது? பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் இன்று மதியம் கிறிஸ்தோபலின் அம்மா எலியானா முதல்முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். உனக்குத் தெரியும், பௌலினா அந்தப் பையன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், பையனும் நல்லவன்தான், ஆனால் அம்மா முகம் சுளித்தால் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். முன்பு அவனுக்கு வேறொரு இடத்தில் பேசி முடிந்த சம்பந்தம், அந்த வீட்டுக்காரர்கள் வெறும் பகட்டு என்று இந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னதும் நின்றுபோனது. அதனால் பௌலினா நேற்றிலிருந்தே என் பின்னால் சுற்றினாள், அம்மா, ஒரே ஒரு நாள் அந்த டப்பாவைக் கழற்றி வைம்மா என்று கெஞ்சினாள். நான்தான் கேட்கவில்லை. தால்காவிலிருந்து வருகிற அம்மாளுக்கு நம் வீட்டு நவீனம் தெரியட்டுமே என்று எனக்கு ஒரு நப்பாசை.

மண்சட்டிகளில் அடியில் இறைச்சியும் வெங்காயமும் பரப்பி, மேலே இளஞ்சோளத்தை அரைத்து ஊற்றி, சர்க்கரை தூவி ஓவனில் வைத்தேன். பாதி வெந்திருக்கும், லாரி போனது, டப்பா மூடிக்கொண்டது. மூவரும் தெருவுக்கு ஓடி வரிசையில் நின்றோம், நான் கையை நீட்டி மொபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கார் வந்து நின்றது. குடும்பமே வாசலுக்கு வந்து வரவேற்கிறது என்று நினைத்து எலியானாவுக்குக் கண் கலங்கிவிட்டது, இறங்கி வந்து என் தோளில் கைபோட்டுக்கொண்டு அவளும் போட்டோவுக்கு நின்றுவிட்டாள். நானும் ஆமாம் ஆமாம் வரவேற்புதான் என்று சிரித்தேன். டப்பா ஒப்புக்கொள்ளவில்லை, தெரியாத முகம் இருக்கிறதாம். சம்பந்தியம்மா, வெயிலாக இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள் என்று நைசாக அவளை ஓரங்கட்டி மறுபடி எடுத்தேன். திறந்தது. கூடவே, என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன், அணைக்க வேண்டாம் என்று ஒரு செய்தியும் வந்தது. புதுப்பித்துக்கொள்ளட்டும், அதற்குள் சோளம் வேகட்டும் என்று அடுப்பை மூட்டினேன்.

சாப்பாடு கமகமவென்று மேஜைக்கு வந்தது. இரண்டாவது ஈடு ஓவனில் இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், ஆனால் நான் டப்பாவின் மகிமையைப் பாடத் தொடங்கினேன், இனிமேல் நிலம் ஆடினால் எங்கள் வீட்டில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை என்று. பௌலினா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அப்போது ஆரம்பித்தது. இது லாரி இல்லை ஹிமேனா, கீழேயிருந்து உறுமிக்கொண்டு வந்தது, விளக்கு ஊஞ்சலாடியது, சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் படம் கீழே விழுந்தது. நானும் எலியானாவும் ஒரே நேரத்தில் பாய்ந்து பாத்திர அலமாரியைக் கட்டிப் பிடித்தோம், மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில். ஓவனில் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. டப்பா தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அப்பா கழுத்தில் செருகிய துணியைக்கூட எடுக்காமல் எழுந்து, ஆடுகிற தரையில் கப்பலில் நடப்பது போலக் கொல்லைப்புறம் போய், சிலிண்டரின் பழைய குமிழைக் கையால் திருகி மூடிவிட்டு வந்தார்.

எல்லாம் அடங்கி, நாங்கள் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து டப்பா கணீரென்று, நடுக்கம் கண்டறியப்பட்டது, பதற வேண்டாம் என்றது. பௌலினா முகம் செத்துப்போயிற்று. கிறிஸ்தோபல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலியானா மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டு, இது எப்ப வாங்கினது என்று என்னிடம் கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, கடைக்கு வந்த அன்றைக்கே, ஊரில் முதல் ஆள் நான் என்றேன். பகட்டு என்ற அந்த வார்த்தை இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பௌலினா பக்கம் திரும்பி மகனைக் காட்டினாள்.

"இங்க பாரும்மா, இவன் முப்பது வருஷம் ஓட்டிப் பார்த்த சரக்கு. சோம்பல் உண்டு, குறட்டை உண்டு, எங்கிட்ட கேக்காம ஒரு முடிவு எடுக்க மாட்டான். எல்லாம் தெரிஞ்ச கோளாறு, புதுசா ஒண்ணும் வராது. பயப்படாம எடுத்துக்க."

அப்பாதான் முதலில் சிரித்தார், உனக்கே தெரியும் அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. ஏப்ரலில் கல்யாணம், தால்காவில் அவர்கள் தோட்டத்திலேயே. சமையல் விறகடுப்பில்தான், அதை மட்டும் எலியானா என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், நானும் தலையை ஆட்டினேன். டப்பாவை இப்போதுதான் கழற்றினோம், கழற்றும்போதும் போட்டோ கேட்டது.

உனக்கு எல்லா ஆசிகளும் என் கண்ணே, அப்பாவும் அவர் பங்கைச் சொல்லச் சொன்னார். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, கல்யாணத்துக்கு டிக்கெட்டை இப்போதே எடு. அந்தக் கண்ணாடி ஆறு மாதம் மற்றவர்கள் மூக்கில் இருக்கட்டும், அவர்கள் எங்கெங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்கு.

கன்னத்தில் முத்தங்களுடன்,
உன் அம்மா
மிரேயா