எமிலின் வலது கை

பிரெஸ்த்யே
19 அக்டோபர் 2014

அன்புள்ள பேத்தி யஸ்னாவுக்கு ஆல்பினா பாட்டி எழுதிக்கொள்வது. மூட்டு வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் உன் வீட்டுக்காரனும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

1944 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை பகல், எங்கள் நிலவறையில் இருந்தவர்கள் இவர்கள். என் அப்பா கார்லோ. என் அம்மா யுஸ்தா. பத்து வயது நான். கொல்லன் ஸ்டாங்கோ. மேல்வீட்டு எமில். ஜெர்மன் சிப்பாய்கள் நான்கு பேர். அவர்களுக்கு நம் பேச்சை மாற்றிச் சொல்லும் பீனோ. மூலையில் இருந்த பெரிய பீப்பாய்க்குள் அம்மாவின் தம்பி, என் லோய்ஸே மாமா.

உன் நோட்டீஸ் தபாலில் வந்தது. கண்ணாடி போட்டு மூன்று முறை படித்தேன். என் படிப்பு மூன்று வகுப்பு. அப்போது இங்கே இத்தாலி ஆட்சி, நம் பாஷையில் பேசினால் இத்தாலிக்கார வாத்தியார் பிரம்பால் அடிப்பான். அதனால் நான் மெதுவாகப் படிப்பேன், ஆனால் ஒரு எழுத்தையும் விடமாட்டேன். ஏழு வீடுகள், ஏழு திராட்சைத் தோட்டங்கள், டிரியெஸ்ட் நகரத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து ஒவ்வொரு வீட்டு ஒயினையும் ருசி பார்க்கவைக்கும் நடைபாதை. நல்ல காரியம்தான். ஆனால் கிணற்றடி வீட்டை எதற்குச் சேர்த்தாய்? அவர்கள் வைப்பது ஒயினா? தண்ணீருக்குச் சாயம் போட்டதுபோல் இருக்கும். அந்த வீட்டுக்காரியின் மாமியார் 1958இல் எங்கள் கோழியைப் பிடித்து வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தவள். கொல்லன் வீட்டில் பன்றித்தொடை நன்றாக உலர்த்துவார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே முட்டையை மட்டும் நீயே வேகவைத்துக் கொடு.

பாதைக்கு எமில் பெயர் வைக்கப்போவதாகவும், அடுத்த மாதம் மார்ட்டின் திருநாளன்று முதல் வீட்டு வாசலில் ஐவிக் கொடிக் கொத்தை நான்தான் கட்டவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் கடைசியில். முதலில் நோட்டீசில் ஒரு வரி. 'இந்த மலையில் உள்ள ஒவ்வொரு பீப்பாயையும் தட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று சொன்னவர் எமில். இளம் வயதில் திராட்சை பிழியும் செக்கில் சிக்கி வலது கை விரல்கள் நசுங்கின.' முதல் பாதி உண்மை. செக்கு என்பது பொய். அது எமிலே சொன்ன பொய்.

மாமா காட்டில் இருந்தவர்களோடு சேர்ந்து ஜெர்மன்காரர்களை எதிர்த்துச் சண்டை போட்டவர். தொடையில் குண்டு பட்டு எங்களிடம் வந்தார். அப்பா அவரை ஒளிக்க ஒரு வழி கண்டார். வாசலில் கொத்தைக் கட்டினார். கொத்து பச்சையாக இருக்கும் எட்டு நாளும் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து குடிக்கலாம். இப்படித் திறந்து கிடக்கும் வீட்டை யார் சந்தேகப்படுவான்? டாக்டரும் குடிக்க வந்தவர் மாதிரியே இரண்டு முறை வந்து போனார். பெரிய பீப்பாயின் அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. கழுவுவதற்கு என்னைத்தான் அதன் வழியாக உள்ளே விடுவார்கள். மாமாவை ஒருக்களித்து உள்ளே நுழைத்திருந்தார்கள், அந்த வாரம் நான் ரொட்டியோடு நுழைந்தேன். இருட்டில் மாமா என் தலையை முகர்ந்து பார்ப்பார். ஊரில் தெரிய வேண்டியவர்களுக்கெல்லாம் தெரியும். எட்டாம் நாள் சாயங்காலம் பீப்பாயோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அந்த எட்டாம் நாள்தான் அந்த ஞாயிறு.

மலையிலிருந்து இறங்கும் போரா குளிர்காற்று கொத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சிப்பாய்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா சின்னப் பீப்பாயிலிருந்து புளித்ததை ஊற்றினார். சீக்கிரம் எழுந்து போவார்கள் என்று நினைத்தார். எமில் காலையிலிருந்தே அங்கே இருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் கார்லோ, வந்தவங்களுக்குக் காடியவா ஊத்துவ? மூலைல இருக்குறவன எழுப்பு" என்றான். எழுந்து போய் பெரிய பீப்பாயை விரல் முட்டியால் தட்டினான். மேலே, நடுவில், கீழே. காதை வைத்துக் கேட்டான். பிறகு சொன்னான்: "மேல காலி, அடில கனம். உள்ள யாருக்குய்யா வாடகைக்கு விட்டிருக்க?"

பீனோ சிரித்து, அதை அவர்களுக்கு மாற்றிச் சொன்னான். நான்கு பேரும் சிரித்தார்கள். ஸ்டாங்கோவும் சிரித்தான். என் அப்பாவும் சிரித்தார், ஒரு மூச்சு தாமதமாக. அந்த ஒரு மூச்சை அவர்களில் மூத்தவன் பார்த்துவிட்டான்.

அவன் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பலகையில் அழுத்தி வைத்துக் கீழிருந்து மேலாகச் சுட்டான். ஆறு. நான் எண்ணினேன். ஓட்டை வழியாக ஒயின் வரவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது. அம்மா கையிலிருந்த முட்டைத் தட்டைக் கீழே போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவை வாசலுக்கு இழுத்துப் போய், கொத்துக்குக் கீழே நிறுத்தி, முகத்தில் சுட்டார்கள். கூரையில் தீ வைத்தார்கள். அடித்த காற்றுக்கு வீடு அரை மணி நேரத்தில் எரிந்து உட்கார்ந்துவிட்டது. போகும்போது அந்த மூத்தவன் எமில் தோளில் தட்டி, அவன் வாயில் ஒரு சிகரெட்டைச் செருகிவிட்டுப் போனான். எமில் அதைத் துப்பக்கூட இல்லை. அந்தச் சிகரெட்டை ஊரே பார்த்தது.

அடுத்த வருஷம் மே மாதம் சண்டை முடிந்தது. ஸ்டாங்கோவும் இன்னும் ஐந்து பேரும் முதலில் எமில் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு திராட்சைக் கொடியையும் முழங்கால் உயரத்தில் வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு அவனை இழுத்துக்கொண்டு எங்கள் எரிந்த வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். மூக்கில் ரத்தம். ஒரு காலில் செருப்பில்லை. மண்ணில் உட்கார்ந்து அவன் ஒன்றையே சொன்னான்: "எனக்குத் தெரியாது. எங்கிட்ட யாருமே சொல்லலையே."

எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். ஸ்டாங்கோ கேட்டான்: "யுஸ்தா, இவனுக்குத் தெரியுமா, தெரியாதா? நீ சொல்றதுதான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஆல்பினா, போயி சுத்தியல எடுத்துட்டு வாடி."

பீப்பாய் வளையம் இறக்கும் மரச்சுத்தியல். எரியாமல் மிஞ்சிய சாமான்களில் அது ஒன்று. நான் ஓடினேன். சந்தோஷமாக ஓடினேன், யஸ்னா. எமிலின் வலது கையை, தட்டிய அதே கையை, ஒரு பலகைமேல் வைத்துப் பிடித்தார்கள். நான்கு அடி. காய்ந்த கொடி ஒடிவது மாதிரி சத்தம். நான் கண்ணை மூடவில்லை.

அதன்பின் முப்பத்தாறு வருஷம் தெருவில் அவனைக் கண்டபோதெல்லாம் துப்பினேன். என் கல்யாணத்துக்கு அவன் ஒரு ஜாடி நிறைய தெரான் என்கிற எங்கள் ஊர் சிவப்பு ஒயின் அனுப்பினான். கோயில் படியில் போட்டு உடைத்தேன், என் வெள்ளை உடையெல்லாம் தெறித்தது. அவன் மறுபடி கொடி நட்டான். இடது கையால் தட்டப் பழகினான். எல்லா வீட்டுக்கும் போனான், எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

1981இல் அம்மா படுக்கையில் கிடந்தாள். பாதிரியார் வந்து போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். எமிலுக்குச் சொல்லிவிடலாம், எட்டு நாளும் இங்கேதான் கிடப்பான் என்று அப்பா சொன்னாராம். "அவன் வாய் அடைப்பில்லாத பீப்பாய், அவனுக்கு மட்டும் வேணாம்னு உங்கப்பா கையப் புடிச்சுத் தடுத்தது நான்தான்டி" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதற்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எமில் தோட்டத்துக்குப் போனேன். இடது கையால் கவாத்து செய்துகொண்டிருந்தான். நான் எதற்கு வந்தேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "அன்னிக்கு முற்றத்துல பதில் சொல்லாம அவ உன் பக்கம் திரும்பினப்பவே, தடுத்தது அவதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான். "நான் சொல்லியிருந்தா அந்தச் சுத்தியல் அவ பக்கம் திரும்பியிருக்கும். உனக்குன்னு மிச்சம் இருந்தது அவ ஒருத்திதான?" பிறகு உள்ளே போய் இரண்டு கோப்பை எடுத்து வந்தான். குடித்தேன். அதுபோல் ஒயின் நான் இதுவரை குடித்ததில்லை. அவன் சாகும்வரை, இருபத்திரண்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஊருக்குச் சொல்கிறேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், செக்குதான், செக்குதான் என்று சிரிப்பான்.

இப்போது அவனும் இல்லை. அதனால் நான் சொல்வதைக் கேள். அந்த வரியை எடுத்துவிடு. எங்கள் முற்றத்தில், எங்கள் சுத்தியலால் உடைந்தது, அதை எடுத்து வந்தது ஆல்பினா என்று போடு. ஸ்டாங்கோவின் பேரன் கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்பு. அப்படிப் போட்டால், மார்ட்டின் திருநாளன்று ஐவியை நானே வெட்டி எடுத்து வருகிறேன். ஏணியை மட்டும் நீ பிடி. போடாவிட்டால் எமில் பெயரை நீயும் தொடாதே.

குளிர் வந்துவிட்டது, மார்பை மூடிக்கொண்டு நட. உன் வயிற்றில் இருப்பது ஆணோ பெண்ணோ, நல்லபடியாகப் பிறந்து, கேட்பதற்கு முன்னாலேயே உண்மையைச் சொல்கிற தாயிடம் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி ஆல்பினா

மறந்துவிட்டேன். எல்லாப் புனிதர் திருநாளன்று கல்லறைக்குப் போகும்போது செவ்வந்தி வாங்குவாய். மூன்று கொத்து போதும். ஒன்று என் அப்பாவுக்கு, ஒன்று மாமாவுக்கு, ஒன்று எமிலுக்கு. ஒவ்வொரு வருஷமும் நாலாவது எங்கே என்று என்னைக் கேட்கிறாய். இனிமேல் கேட்காதே. யுஸ்தாவுக்கு என்னிடம் பூ இல்லை.