இரண்டாவது ஓட்டுநர்

பிப்ரவரி 3

தங்கைக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆறு வருஷம் கழித்து எழுதியிருக்கிறாய். நலமா என்று ஒரு வரி. மீதியெல்லாம் வாடகைக் கார். மகளின் பட்டமளிப்புக்கு வெளிநாடு போகிறாய், கவுண்டரில் எந்தக் காப்பீட்டை எடுப்பது, எதை விடுவது என்று கேட்கிறாய். காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பார்க்கிறவன் என்னை விட்டால் வேறு யாரும் அகப்படவில்லை போலும். கேட்டதற்குச் சொல்கிறேன்.

இங்கே நம் வண்டிக்கு எடுத்த பாலிசி அங்கே உதவாது. அடுத்தவர் மேல் மோதினால் ஈடு கட்டும் மூன்றாம் நபர் காப்பீடு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கியிருக்கும். எதுவரைக்கும் என்று கேட்டுக்கொள். அந்த வண்டிக்கே அடிபட்டால் என்ன என்பதுதான் கேள்வி. அந்தச் சேதத்துக்கு நீ பொறுப்பில்லை என்று ஒரு பொறுப்பு விலக்கு தருவார்கள். தந்தாலும் சேதத்தில் முதல் பகுதி நம் தலையில்தான். எக்ஸஸ் என்பது அதுதான். அதையும் நீக்குகிறோம் என்று கவுண்டரில் இன்னொன்றை விற்பார்கள். முன்கூட்டியே வெளியில் தனி பாலிசியாக எடுத்தால் மலிவு. ஆனால் அடிபட்டால் முதலில் நீ கட்டிவிட்டு, பிறகு அலைந்து வாங்க வேண்டும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பல திட்டங்களில் நழுவிப்போகும். படித்துப் பார்த்து வாங்கு.

தாளில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் இவை எதுவுமே செல்லாமல் போகலாம். இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆறு வருஷம் முன்னால் நம் இரண்டு குடும்பமும் சேர்ந்து போன பயணத்தில், வாடகைக் கார் கவுண்டரில், இன்னொருவர் ஓட்டுவாரா என்று உன்னிடம் கேட்டார்கள். நான் உரிமத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். "எங்க அண்ணன் ஓட்ட மாட்டார்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பெயரைக் கொடுத்தாய். கிளட்ச் எது, பிரேக் எது என்று உனக்குக் காட்டியவன் பெட்டிகளோடு பெட்டியாகப் பின்னால் வந்தேன். விடுதி முற்றத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தலாமே என்று எடுத்தேன்; கம்பத்தில் உரசியது. நகத்தளவு கீறல். "பேரு இல்லாதவங்க ஏன் தொடணும்?" என்றாய், மாப்பிள்ளை முன்னால். கீறலுக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்தவன்

*

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

'உன் உடன்பிறந்தவன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்காரா?" என்று கேட்டார் இவர். நோட்டீஸாகவே இருக்கட்டும். திட்டிக்கொண்டே டயர், கண்ணாடி வரைக்கும் யோசித்து எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். அந்தப் பயணத்துக்கு முந்தின மாதம் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, நாய் குறுக்கே வந்தது என்றீர்கள். பக்கத்து இருக்கையில் அண்ணி இருந்தார்கள். நாயும் இல்லை, பூனையும் இல்லை; நீங்கள் கண்ணயர்ந்துவிட்டீர்கள். கவுண்டருக்குப் போகும் முன் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் சொன்னா வீடு ரெண்டாயிடும். நீ தடுத்துடு. உன் மேலன்னா நாலு நாள் கோவிச்சுக்கிட்டு சரியாயிடுவாரு."

அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை.

முற்றத்தில் அப்படிச் சொன்னது தப்புதான். பயத்தில் வந்த வார்த்தை. அண்ணியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பட்டமளிப்புக்கு இரண்டு பேரும் வாருங்கள். மாமா வருவாரா என்று உங்கள் மருமகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இரண்டாவது ஓட்டுநர் பெயரை இன்னும் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறீர்களா?

உங்கள் தங்கை

*

மார்ச் 1

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றாள். இல்லை என்றேன். கேட்கவில்லை. கேட்டால் அவளோடும் ஆறு வருஷம் ஆகும். ஒரே வீட்டில் அது கஷ்டம்.

நாய் வந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மத்தியானம் சாப்பிட்டபின் வண்டி எடுப்பதை விட்டு நாளாகிறது. அதை இதோடு முடிச்சுப் போடாதே.

கோபம் போய்விட்டது என்றும் நினைக்காதே. என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனை விட அண்ணி பெரிதாகப் போய்விட்டாள்.

எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. இரண்டாவது ஓட்டுநராக மாப்பிள்ளை பெயரையே கொடு. நான் பின்னால் உட்காருகிறேன். பெட்டிகளை டிக்கியில் போடு. இந்த முறை என் பக்கத்தில் உன் அண்ணி உட்காரட்டும். வண்டியை வாங்கும்போது சுற்றிலும் படம் பிடிப்பது என் வேலை. கவுண்டரில் பேசுவதும் நான்தான். நீ வாயைத் திறக்காதே.

இங்கே வந்து பேனா நிற்கிறது. 'உடன்பிறந்தவன்' என்று போட்டால் மாப்பிள்ளை சிரிப்பார். 'அன்புள்ள அண்ணன்' என்று எழுத இன்னும் கை வரவில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியாமல் போகாது. என் நோட்டைப் பார்த்து எழுதப் பழகியவள்தானே நீ.

எங்கள் அலுவலகத்தில், கையெழுத்து இல்லாத தாளில் என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. கோபம் போகவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது செல்லாமலே போகட்டும். இதில் கையெழுத்துப் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன்.