ஓரெழுத்துப் புண்ணியம்

வியாழன், கடலூர்.

சிதம்பரம் ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரன் பாபு ஒரு மேதாவி. எழுதிய புரோகிராமை, பழைய பிரதிகளையும் விடாமல் சேர்த்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் வழியாக ஆபீஸ் சர்வருக்கு அனுப்ப நாங்கள் மூன்று கட்டளை அடிக்கிறோம். அவன் மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தில் அடக்கிவிட்டான்.

"ஒரே தட்டு மாமா. நீங்க இன்னும் கெழவன் மாதிரி டைப் அடிச்சிக்கினு கெடக்கறீங்க" என்று தினமும் இளிப்பு. மிச்சமாகும் நாலு நொடியில் என்ன கிழித்தான்? டீக்கடையில் அரை மணி நேரம் அந்தச் சுருக்கைப் பற்றியே பேசுகிறான்.

வெட்கங்கெட்ட நான் இன்று காலை அதையே திருட்டுத்தனமாக என் கணினியில் போட்டுக்கொண்டேன். ஒரே தட்டு. ஃபோல்டரில் இருந்ததெல்லாம் சர்வருக்குப் போய்விட்டது. முதலாளி கழிவறைக்குப் போனாலும் ஏசி ரிமோட்டைக் கையோடு எடுத்துப் போவதாக நான் எழுதி வைத்திருந்த நையாண்டிக் கட்டுரையும் கூடவே போய்விட்டது. இனி ஆபீசே படிக்கலாம்.

"டேய், இத அழிக்க ஒரு சுருக்கு குடுறா."

"ஃபைல அழிக்கலாம் மாமா. பழசு ஹிஸ்டரியில நிக்குமே. அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் வெக்கல."

மேதாவிக்கு அனுப்பத்தான் தெரியும். வேலை போனால் இந்த வயதில் என்னை எவன் சேர்ப்பான்?

கடலூர் பஸ் ஏறுமுன் பார்த்தேன். முதலாளி என் கட்டுரையைத் திருத்தி ஏற்றியிருக்கிறார். எதை, ஏன் மாற்றினோம் என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டிய, எங்களில் ஒருவனும் முழுதாக எழுதாத குறிப்பு வேறு: 'கழிவறைக்கு ரிமோட்டை எடுத்துப் போனதில்லை. டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன். மற்றபடி சரி. காலையில் என் அறைக்கு வரவும்.'

மற்றபடி சரி என்றால் வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இருக்கும். ஏசிதான் இருக்காது.